பரோட்டாக் கையும் ஜெர்மன் கிழங்கும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே ஜெர்மன்காரர்களின் உருளைக்கிழங்கு நூடுல்ஸ் முதன்முதலில் வெந்தது என் அடுப்பில்தான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். வேக வைத்தது யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். என் மனைவி பக்கத்தில் இருந்தால் அந்த வசதியும் கிடையாது.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். என்றாலும் சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன். கையால் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. நான் பரோட்டா மாஸ்டர். எழுபதுகளின் தொடக்கத்தில், எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கல்கத்தா ரோட்டு ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகையில் ஓட்டல் போட்டேன். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் இறங்கிக் கைலியை உதறிக் கட்டிக்கொண்டு என் கல்லுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். மைதாவைக் கொட்டி, உப்புத் தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் குத்திப் பிசைந்து, பலகையில் தூக்கி அடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைப்பேன். ஊற ஊறத்தான் மாவுக்கு இழுவை வரும். பிறகு வீசினால் காகிதம் போல விரியும். அதன் வழியாகப் பார்த்து எதிரே நிற்கிற லாரியின் நம்பரைப் படித்துக் காட்டுவேன். டிரைவர்கள் கை தட்டுவார்கள். எனக்கு நம்பர் மட்டும்தான் வேகமாகப் படிக்க வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாவு என்று ஒன்று இருந்தால் அது அடி வாங்க வேண்டும். வாங்கிய பிறகு ஊற வேண்டும். உலகத்தில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம் இது ஒன்றுதான். இதை வைத்தே குடும்பத்தைக் காப்பாற்றினேன். இதே சாஸ்திரம்தான் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலம். நேற்று வரை முள்ளுக்காடாக இருந்த இடத்தில் இன்று காம்பவுண்டுச் சுவர் நிற்கும். அப்படி வந்த ஒரு கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகளில் மெஷின் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜெர்மன்காரரும் வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம், வெயிலில் முகம் மிளகாய்ப் பழமாக இருக்கும். கம்பெனி மேனேஜர் மெட்ராஸ்காரர், மரியாதையான மனிதர். டீ குடிக்க என் ஓட்டலுக்குத்தான் வருவார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் உள்ளேயே கேன்டீன் திறக்கப் போவதாக ஒரு நாள் அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கேன்டீன் எனக்கு வேண்டியிருந்தது. லாரியை நம்பிப் பிழைக்கிறவனுக்குத்தான் இந்த ஆசை புரியும். செக்போஸ்ட்டில் வண்டிகளைச் சீக்கிரம் விட்டுவிட்டால் என் மாவு மிஞ்சிப் புளிக்கும். மழை வந்தால் கொட்டகை ஒழுகி அடுப்பு அணையும். ஓடு போட்ட கூரை, மணி அடித்தால் கூட்டம் கூட்டமாகப் பசியோடு வரும் ஆட்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். நான் நினைப்பதோடு நிறுத்திக்கொள்கிறவனா? கடைத்தெருவில் பாதிப் பேரிடம் கேன்டீன் எனக்குத்தான் என்று சொல்லியாகிவிட்டது. பெயிண்டரைப் பிடித்து போர்டும் எழுதிவிட்டேன்: 'கம்பெனி கேன்டீன். உள்நாட்டு, வெளிநாட்டு உணவு வகைகள்.' கம்பெனிக்கு மட்டும் விஷயம் தெரியாது.

போர்டு எழுதிய பாவமோ என்னவோ, மேனேஜர் ஒரு நாள் கவலையோடு வந்தார். ஜெர்மன்காரருக்கு நம் ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டியும் வாழைப்பழமுமாக உடம்பு வற்றிக்கொண்டு வருகிறது. இப்படியே போனால் மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார் போல என்றார். "வெளிநாட்டுச் சமையல் ஏதாவது தெரியுமா மாஸ்டர்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? ஹார்பர்ல கப்பல் கேப்டனுக்கே ஆக்கிப் போட்டவன் சார் நானு."

ஹார்பருக்கு எதிர்ச் சாரியில் ஓர் ஓட்டலில் தட்டு கழுவினேன் என்பது உண்மை. கப்பல் கேப்டன் ஒருவர் ஒருமுறை அந்த வழியாக நடந்து போனார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தது மட்டும்தான் நான்.

மேனேஜர் முகம் தெளிந்தது. ஜெர்மன்காரர் தன் அம்மா கைப் பக்குவம் ஒன்றைத்தான் ஏக்கமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். உருளைக்கிழங்கை வேக வைத்து, மைதாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, விரல் போல உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெண்ணெயில் வறுக்க வேண்டுமாம். ஷுப்ஃப்நூடல் என்று பெயராம். பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் மைதா, பிசைவது என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்ததுமே மேற்கொண்டு கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் தொடங்கினேன். புதுக் கிழங்காகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, துண்டு போட்டு, அண்டா நிறையத் தண்ணீரில் குழையக் குழைய வேக வைத்தேன். மைதாவைக் கொட்டினேன். பிறகு என் வித்தையைக் காட்டினேன். குத்தினேன், மடித்தேன், பலகையில் ஓங்கி அடித்தேன். கொட்டகைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா, கெழங்க இந்த அடி அடிக்கிற? அது உன்ன இன்னா பண்ணிச்சு?"

தொழில் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்வது என் வழக்கமில்லை. எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு நாஷ்டா வியாபாரத்தைப் பார்க்கப் போனேன். மதியம் வந்து துணியை எடுத்தால் மாவு இளகித் தண்ணீர் விட்டுக் களியாகக் கிடந்தது. அடி போதவில்லை என்று புரிந்துகொண்டேன். இன்னும் மைதா போட்டேன், இன்னும் அடித்தேன். திரும்ப இளகியது. திரும்பப் போட்டேன், அடித்தேன். கடைசியில் மாவு என் வழிக்கு வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. விரல் விரலாக உருட்டி, வேக வைத்து, வெண்ணெயில் பிரட்டி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு நடந்தேன். போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாளியைத் திறந்து காட்டினேன்.

ஜெர்மன்காரர் ஆவலாக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மெஷின் அருகில் நின்ற ஃபிட்டர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் இன்னொன்றைக் கையில் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார், விட்டார், சட்டைப்பையிலிருந்து அளவுக்கருவியை எடுத்து அதன் கனத்தை அளந்தார். பிறகு மேனேஜரிடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஏதோ சொன்னார். மேனேஜர் என்னிடம் திரும்பினார்.

"பாய்லர்ல ஒரு கேஸ்கெட் தேஞ்சு போயிருக்காம் மாஸ்டர். இதே மாதிரி இன்னும் நாலு கிடைக்குமான்னு கேக்கறார்."

கேஸ்கெட் என்பது இரண்டு இரும்புக்கு நடுவே ஆவி கசியாமல் இருக்க வைக்கிற ரப்பர் வளையம். இது எனக்கு அதற்கு முன்பு தெரியாது. பிறகு மறக்கவே முடியவில்லை. ஃபிட்டர்கள் சும்மா இருப்பார்களா? அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பட்டமே வந்துவிட்டது, கேஸ்கெட் மாஸ்டர் என்று. செக்போஸ்ட் வரைக்கும் பேச்சு போய்விட்டது. தடா பக்கத்துத் தெலுங்கு டிரைவர் ஒருவர் பரோட்டா தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நைனா, நம்ம வண்டிக்கு ரெண்டு வாஷர் போட்டுக் குடு. டப்பு தனியா தர்றேன்."

சிரிப்புக்குச் சிரிப்பு சரி. மேனேஜர் ஒரு சேதியும் சொல்லியிருந்தார். மெஷினுக்குப் பூஜை போட்டு ஓட்டுகிற நாளில் முதலாளி மெட்ராஸிலிருந்து விருந்தாளிகளோடு வருகிறார். அன்றைக்கு யார் சாப்பாடு ஜெர்மன்காரருக்கும் முதலாளிக்கும் பிடிக்கிறதோ அவருக்குத்தான் கேன்டீன். திருவள்ளூரில் மெஸ் நடத்துகிற ஒருவரையும் வரச் சொல்லியாகிவிட்டது. நான் எழுதி வைத்திருந்த போர்டைத் திருப்பிச் சுவரோடு சாத்தி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் வெயிலில் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஜெர்மன்காரர் தனியாக நடந்து வருவது தெரிந்தது. என் மனைவி வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு கீறாரு? அந்த ரப்பரத் தின்னு பல்லு கில்லு போயிடுச்சா?"

சண்டைக்கு வரவில்லை. பசிக்கு வந்திருந்தார். எனக்கு அவர் பேச்சு தெரியாது, அவருக்கு என் பேச்சு தெரியாது. நம் பாஷையில் அவர் கற்றிருந்தது ஒரே ஒரு சொல்: போதும். நம் ஆட்கள் இலையில் வைத்துக்கொண்டே போவார்கள் இல்லையா, உயிர் பிழைக்க அதைக் கற்றிருந்தார்.

நேராகப் போய்க் கிழங்கு மூட்டையைக் கவிழ்த்தார். நான் பெருமையாக வாங்கி வைத்திருந்த புதுக் கிழங்கையெல்லாம் நகத்தால் கீறிப் பார்த்து ஒதுக்கினார். வடக்கிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பழைய கிழங்கு, தோல் தடித்துச் சுருங்கிப்போனது, அடியில் கிடந்தது. அதைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்தார். தோலோடு அப்படியே வேக வைத்தார். சூட்டோடு, கையை உதறி உதறித் தோலை உரித்தார். பிறகு எதையோ தேடினார். இரண்டு கையையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். நான் பலகையை எடுத்து நீட்டினேன். தலையை வேகமாக ஆட்டினார். என் மனைவி உள்ளே போய் இடியாப்ப அச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. கிழங்கை அச்சில் போட்டு, வெள்ளைத் துணியில் நூல் நூலாகப் பிழிந்துவிட்டார். ஆவி கிளம்பியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆவி போகும் வரை சும்மா உட்கார வேண்டுமாம். எனக்கு அது முடியவில்லை. மாவை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிச் சும்மா இருப்பான்? மெல்ல ஒரு கையை நீட்டினேன். "போதும்" என்றார்.

ஆறிய கிழங்கில் ஒரு முட்டை, உப்பு, ஒரு கைக்குச் சற்று அதிகமாக மைதா. சட்டைப்பையிலிருந்து ஒரு ஜாதிக்காயை எடுத்துக் கத்தியால் சுரண்டித் தூவினார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். "கொயந்தைக்கு வயிறு சரியில்லன்னா ஒரசி ஊத்தறது" என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். "இவ்ளோ பெரிய ஆளுக்கும் அதான் போல." பிறகு அவர் விரல் நுனிகளால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினார். கூட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும், பிசையவில்லை. கலைந்த முடியை ஒதுக்குவது போல நாலு தரம் சேர்த்தார், முடிந்தது. இவ்வளவு பெரிய மெஷின் பூட்டுகிறவருக்கு மாவு பிசையத் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாகிவிட்டது. உதவி செய்யலாம் என்று முஷ்டியை மடக்கி ஒரு குத்து விட்டேன். என் புறங்கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. "போதும், போதும்!"

என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, அவர் உருட்டுவதைக் குனிந்து பார்த்தாள். சின்ன உருண்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் தேய்த்தார். நடு பருத்து, இரண்டு முனையும் கூர்ந்து, பிஞ்சுக் கோவைக்காய் போல வந்தது.

"இது நம்ம பால் கொயக்கட்டைக்கு உருட்டறதுதான்யா. கொஞ்சம் நீட்டு, அவ்ளோதான். கொயக்கட்ட மாவ எவனாச்சும் தூக்கிப் போட்டு அடிப்பானா?"

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் ஒன்று உருட்டுவதற்குள் இவள் மூன்று உருட்டினாள். நானும் உருட்டினேன். எனக்கு வந்தவை கொட்டகைக்கு அடிக்கிற ஆணி போல இருந்தன. உப்புத் தண்ணீர் தளதளவென்று இல்லாமல் மெல்லக் கொதிக்கும்போது போட்டார்கள். அடியில் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே வந்தது, பிறகு எல்லாம் மிதந்தன. என் ஆணிகள் கடைசியாக வந்தன. துணியில் பரப்பி ஈரம் போனதும், என் பரோட்டாக் கல்லில் வெண்ணெய் விட்டுப் பொன்னிறமாகப் பிரட்டினோம். கல் என்னுடையது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். முட்டைக்கோஸைச் சன்னமாக அரிந்து வதக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து பக்கத்தில் வைத்தாள் என் மனைவி. அவர் ஊரில் உப்புப் போட்டு ஜாடியில் புளிக்க வைத்த கோஸாம், கைச் சாடையில் சொன்னார். முதல் வாய் சாப்பிட்டதும் அவர் கண் கலங்கியது. என் கல்லின் மகிமை என்றேன். அடுப்புப் புகை என்றாள் அவள்.

பூஜை நாள் வந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒரு கொட்டகை போட்டு எங்களுக்கு அடுப்பு கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் விடியாததுமாக நான் கிழங்கு மாவைச் சேர்த்து வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஓட்டல்காரன் புத்தி அது. விருந்து என்றால் மாவு முன்னாடியே தயாராக இருக்க வேண்டும். கிழங்கு பிழிந்த துணிக்கு முன்னால் என் மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி கொதிக்காம இதுல கை வக்கக் கூடாது. ஊறினா தண்ணி உட்டுக்கும், கண்ணால பாத்தல்ல? தொட்ட, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன். கேன்டீன நீயே கட்டிக்கினு அயு."

கை நமநமத்தது. அவளே ஒரு வழி செய்தாள். மைதா மூட்டையை என் பக்கம் தள்ளி, "உன் கை அரிப்புக்கு அத்த போட்டு அடி, போ" என்றாள். நான் கம்பெனிக் கொட்டகையின் மூலையில் பலகையைப் போட்டுக்கொண்டு மைதாவை வெளுக்கத் தொடங்கினேன். கேன்டீன் போச்சு என்ற பயம் முழுக்க அந்த மாவில் இறங்கியது.

முதலாளியின் கார் வருவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. பூஜைக்கு வந்த ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ராகு காலம் பிறந்துவிட்டது, முடியட்டும் என்றார். ஜெர்மன்காரர் பொத்தானில் விரல் வைத்தபடி நின்றார். மெஷின் தயார், அவர் தயார், எங்கள் ஊர் நேரம் மட்டும் தயாராக இல்லை. ஒன்றரை மணி நேரம் எல்லோரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திருவள்ளூர் மெஸ்காரர் சுடச்சுடக் கொண்டுவந்திருந்த பொங்கல் ஆறிக் கல்லாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நான் அந்தக் கிழங்கு மாவைச் சேர்த்து வைத்திருந்தால், இந்நேரம் அது ஒழுகி ஓடியிருக்கும். நான் அதற்கு மைதா போட்டு அடித்துக்கொண்டிருப்பேன்.

பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, மெஷின் ஓடியது. கற்பூரம் ஏற்றியபோதே என் மனைவி முட்டையை உடைத்துக் கிழங்கில் சேர்த்துவிட்டாள். விருந்தாளிகள் கை கழுவி உட்காருவதற்குள் கோவைக்காய்கள் வெண்ணெயில் புரண்டன. ஜெர்மன்காரர் ஒரு தட்டு சாப்பிட்டார். என் மனைவி திரும்ப வைக்கப் போனபோது அந்த ஒரே சொல்லை அவர் சொல்லவில்லை. முதலாளியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

வேறு வழியில்லாமல் நான் தொழிலாளிகளுக்குப் பரோட்டா வீசிக்கொண்டிருந்தேன். அத்தனை நேரம் அடி வாங்கி ஊறிய மாவு. என் வாழ்நாளில் அப்படி விரிந்ததில்லை. ஜெர்மன்காரர் எழுந்து என்னிடம் வந்தார். கல்லிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். அது ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. வாயில் போட்டுக்கொண்டு மேனேஜரைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இது கேஸ்கெட் இல்லையாம் மாஸ்டர்" என்றார் மேனேஜர். பிறகு முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தார். "கேன்டீன் உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன். கிழங்கு மாவு உங்க வீட்டம்மா கைல, மைதா உங்க கைல. மாறிடக் கூடாதுன்னு ஜெர்மன்காரர் கண்டிப்பா சொல்றார்."

போர்டை அன்றே மாட்டினேன். அந்தக் கேன்டீனை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், மணவாள நகரில் வீடு கட்டினேன். கேன்டீன் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், என் கை வண்ணத்தால் என்று சொல்வேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் கை அன்று கிழங்கு மாவை விட்டு எட்டி இருந்ததால்தானே கிடைத்தது?

நீங்கள் வீட்டில் செய்வதானால் பழைய கிழங்காகப் பாருங்கள். தோலோடு வேக வையுங்கள், அச்சில் பிழியுங்கள், ஆவி போகட்டும். மைதா குறைவாக இருந்தால் நல்லது. முதலில் ஒன்றை மட்டும் தண்ணீரில் போட்டுப் பார்த்து, கரைந்தால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். சேர்த்த உடனே உருட்டுங்கள், உருட்டிய உடனே வேக வையுங்கள். வீட்டில் என்னைப் போல ஓர் ஆள் இருந்தால் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் கேட்டால் இப்போதும் அவள் செய்கிறாள். என்னைக் கடைக்கு அனுப்ப முடியாது, முட்டி வலி. அதனால் கிழங்கைப் பிழிந்து துணியில் பரப்பியதும், என் முன்னால் ஒரு பலகையைப் போட்டு, ஒரு உருண்டை மைதா மாவை வைத்துவிட்டுப் போகிறாள். நானும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.